காமிக்ஸ், பத்திரிகைப் படங்களின் ஒரிஜினல்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் தூண், பெட்டகம், பீங்கான் ஜாடி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கிளம்பும்போது ஒன்று கேட்பார்கள். "பத்திரிகைக்கு வரைஞ்ச படம், காமிக்ஸ் பக்கம், ஒரிஜினல் ஏதாவது வந்துச்சா?" கடைக்காரர்கள் அவர்களில் சிலரை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நான் வியாபாரி இல்லை, இருபது வருடமாகச் சேர்க்கிறவன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அச்சுக்குப் போவதற்காக ஓவியர் தன் கையால் வரைந்த தாளை. முதலில் பென்சில், அதன்மேல் இந்தியன் இங்க், தப்பான இடத்தில் வெள்ளை பெயிண்ட், ஓரத்தில் அச்சகத்துக்கான குறிப்பு. அட்டைப் படம் என்றால் போஸ்டர் கலரோ வாட்டர் கலரோ இருக்கும். இதைக் கேமராவில் பிடித்து பிளாக் (அச்சடிக்கிற உலோகத் தகடு) எடுத்தார்கள், பிற்காலத்தில் ஃபிலிம் எடுத்து ஆஃப்செட்டில் அடித்தார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளுக்கு யாரும் மரியாதை தரவில்லை. குப்பைக்குப் போனது பாதி, எலிக்குப் போனது கால். மிச்சம் தப்பியதற்குத்தான் இன்றைக்கு இவ்வளவு சண்டை.

பழைய இதழின் பிரதி எவ்வளவு அரிதானாலும் அது அச்சுப் பிரதிதான். அதைக் கிழித்துக் கண்ணாடி போட்டு "ஒரிஜினல்" என்று விற்பதையும் பார்த்திருக்கிறேன். விற்றவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

செட்டிநாட்டுக்கும் காமிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட அதிகம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்தது ராயவரம். 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். பக்கத்தில் புதுக்கோட்டையிலிருந்து ஒரு காலத்தில் சிறுவர் இதழ்கள் வரிசையாக வந்தன. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போன வீடுகளில் பத்திரிகை படிப்பதும், தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைப்பதும் பழக்கம். வீடு பெரியது, பரண் பெரியது, எதையும் தூக்கிப்போட அவசியம் இல்லை. அதனால் இங்கே தாள்கள் பிழைத்தன.

பழைய செட்டியார் வீட்டிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படியானால் அசல்தானே?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால்தான் இங்கே அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள்.

தேக்குத் தூண் வேறு, படம் வேறு. தூண் அந்த வீட்டில் நூறு வருடம் நின்றிருந்தால் அது நூறு வருடத் தூண். படம் அந்த வீட்டில் அறுபது வருடம் தொங்கியிருந்தால், அது அறுபது வருடப் பழசு என்று மட்டும்தான் அர்த்தம். யார் வரைந்தது என்று வீட்டுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் படம் போடத் தெரிந்த பையன் ஒவ்வொருவனும் பத்திரிகைப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்து வரைந்தான். விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் கை பழக வரைந்தார்கள். தபால்வழி ஓவியப் பாடம் படித்தவர்கள் வரைந்தார்கள். யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை, ஆசையில். கீழே ஓவியரின் கையெழுத்தையும் சேர்த்தே போட்டார்கள், அதுவும் படத்தில் ஒரு பகுதிதானே! ஐயா வரைந்ததைப் பேரன் பெட்டியிலிருந்து எடுக்கிறான், தரகர் எடைக்கு வாங்குகிறார், கடைக்காரர் துடைத்து வைக்கிறார், மூன்றாவது கை மாறும்போது அது ஒரிஜினல் ஆகிவிடுகிறது. நடுவில் யாருமே பொய் சொல்லவில்லை. நான் பார்த்த வில்லங்கப் படங்களில் பெரும்பாலானவை இந்த ரகம். திட்டமிட்டு டீத்தண்ணியில் ஊறவைத்த போலி அதைவிடக் குறைவு.

சரி, அசலா நகலா என்று எப்படித்தான் பார்ப்பது?

அச்சான பிரதியைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அசலில் அச்சில் இருப்பதைவிட அதிகம் இருக்க வேண்டும். அச்சகத்தில் ஓரத்தை வெட்டியிருப்பார்கள், ஆகவே படம் அச்சின் எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சமாவது ஓடும். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் ஓவியர் முதலில் போட்ட கோடு ஒளிந்திருக்கும். விளக்குக்கு நேராகப் பிடித்தால் கை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு மாறியது தெரியும். நகல் எடுக்கிறவன் முடிவான கோட்டை மட்டும் பார்க்கிறான். அவனுக்குத் தயக்கம் கிடையாது, திருத்தமும் கிடையாது. அதனால்தான் அழுக்கே இல்லாத படத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

அளவையும் பாருங்கள். அச்சில் சுருக்கினால் கோடு கச்சிதமாக வரும் என்பதால் ஓவியர்கள் பெரிதாகத்தான் வரைவார்கள். அமெரிக்க காமிக்ஸில் 1960களின் கடைசி வரை அச்சளவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அப்புறம் 11க்கு 17 அங்குல அட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம் பத்திரிகைகளில் இவ்வளவு கறாரான கணக்கு கிடையாது, ஆனால் அச்சளவும் படத்தின் அளவும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தால் அடியில் வைத்துத் தேய்த்து எடுத்தது என்று சந்தேகப்படலாம்.

ஓரத்துக் குறிப்புகள் எனக்குப் பிடித்தவை. எத்தனை பத்தி அகலம், எந்த இதழ், எந்தத் தேதி என்று உதவி ஆசிரியர் நீலப் பென்சிலில் கிறுக்கியிருப்பார். பின்பக்கம் அலுவலக முத்திரை, பிளாக் எண். பிளாக் எடுக்கும் கேமராவுக்கு வெளிர்நீலம் சரியாகத் தெரியாது, அதனால்தான் அந்த நிறம்.

அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். இங்க் கோடு தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும், தடித்த இடத்தில் லேசாக மினுங்கும். ஆஃப்செட் அச்சு என்றால் பூப்போல வட்டமாக அடுக்கிய வண்ணப் புள்ளிகள் தெரியும். கம்ப்யூட்டர் பிரிண்ட் என்றால் தூவின மாதிரி புள்ளிகள்.

கள்ளநோட்டு பார்க்க மளிகைக்கடையில் வைத்திருக்கிற ஊதா விளக்கும் உதவும். தாளை வெள்ளைவெளேர் என்று காட்டச் சேர்க்கிற பளபளப்பு ரசாயனம் 1950களுக்கு முந்தைய தாளில் இருக்காது. 1940களில் வரைந்தது என்று சொல்லப்படும் படம் அந்த விளக்கில் நீலமாக ஜொலித்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் ஜொலிக்காததால் மட்டும் அசல் ஆகிவிடாது. பழைய கணக்கு நோட்டின் வெற்றுத் தாள் இந்த ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

நீங்கள் ஏமாந்தது உண்டா?

உண்டு. பதினெட்டாயிரம் ரூபாய்.

ஒரு தொடர்கதைக்கு வரைந்த படம். பெரிய ஓவியர், பெயர் வேண்டாம். கிணற்றடியில் ஒரு பெண், குடம், பின்னால் ஓட்டு வீடு. கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். "அண்ணே, வீட்டுச் சரக்கு. நானே போய்ப் பரண்ல இருந்து இறக்கினது. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். தாள் பழசு, இங்க் பழசு, ராமபாணப் பூச்சி அரித்த துளைகூட ஃபிரேமின் பின்பலகையும் தாளும் சேர்ந்தே ஓடியது. அச்சைவிடப் பெரிய அளவு. கையெழுத்தும் இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

எட்டு மாதம் கழித்து, தெரிந்த ஆச்சி ஒருவர் தன் அப்பத்தா பைண்ட் பண்ணி வைத்திருந்த தொடர்கதைப் புத்தகங்களைப் பார்க்கக் கொடுத்தார். அதில் அந்தக் கதையும் இருந்தது, அந்தப் படமும் இருந்தது. அச்சில் பெண்ணின் முந்தானைக் கரையில் ஒரு இடத்தில் கோடு அறுந்து சின்ன வெள்ளை வெட்டு. பிளாக்கில் ஏதோ பட்டு உலோகம் தெறித்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடிவந்து படத்தை இறக்கிப் பார்த்தேன். முந்தானையில் அதே இடத்தில் அதே வெட்டு. அதைச் சுற்றிக் கவனமாகக் கோட்டை நிறுத்தி, மறுபடி தொடங்கியிருக்கிறார் வரைந்தவர்.

பிளாக்கில் விழுந்த காயம் அசலில் எப்படி இருக்கும்? அசல் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதே.

அதற்கப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். தாள் முழுக்க அழித்த பென்சில் கட்டங்களின் பள்ளம். கட்டம் போட்டுப் பெரிதாக்கும் வேலை, பலகை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த முறை. அளவு பெரிதாக இருந்ததன் ரகசியம் அதுதான்.

கடைக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. ரசீதில் "பழைய படம் ஒன்று" என்றுதான் எழுதியிருந்தது, அதைப் படிக்காமல் பையில் வைத்தவன் நான்.

கையெழுத்து இருந்தால் போதாதா?

கையெழுத்துதான் வரைய எளிதானது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உண்மையான கையெழுத்தேகூட வரைந்தது யார் என்று சொல்லாது. பேட்மேன் கதைகளில் பாப் கேன் பெயர்தான் இருக்கும், ஆனால் 1953 முதல் 1967 வரை அவர் பெயரில் வரைந்தவர் ஷெல்டன் மோல்டாஃப். பெயர் வெளியே வராத கைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இரும்புக்கை மாயாவி ஒரிஜினல் பக்கம், சிவகாசி அச்சகத்தில் கிடைத்தது என்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ஆசை புரிகிறது, எனக்கும் அந்த வயதில் பைத்தியம்தான்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கதை லண்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கியது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அதைத் தமிழில் வெளியிட்ட முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கியது 1972இல். பத்து வருடம் கழித்து உரிமை வாங்கி வெளியிடுகிறவர்களுக்கு ஒரிஜினல் பக்கத்தைக் கப்பலேற்றி அனுப்ப மாட்டார்கள். அச்சுப் பிரதியோ ஃபிலிமோதான் வரும். அதன்மேல் இங்கிலீஷ் வசன பலூனை மறைத்துத் தமிழ் எழுத்தை ஒட்டி மறுபடி படம் பிடிப்பார்கள். ஆக, சிவகாசியில் கிடைத்த தாளில் தமிழ் பலூன் ஒட்டியிருந்தால் அது அச்சகத் தயாரிப்புத் தாள். பிளாஸ்கோவின் கை பட்டது இல்லை. ஆனால் குப்பையும் இல்லை. தமிழ் காமிக்ஸ் எப்படித் தயாரானது என்பதற்குச் சாட்சி அது. "தயாரிப்புத் தாள்" என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் நானே வாங்குவேன்.

சிவகாசியிலேயே பிறந்த ஒரிஜினல் என்றால் அட்டைப் படங்கள்தான். பல அட்டைகளை உள்ளூர் ஓவியர்களே புதிதாகத் தீட்டினார்கள். தேடுகிறவர்கள் அதைத் தேடுங்கள்.

அம்புலிமாமா படங்கள்?

1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கி, அப்புறம் பல மொழிகளில் வந்த இதழ் அது. ஒரே படம் எல்லா மொழிக்கும் போகும். ஆகவே படத்தின் மேலேயே தமிழ்த் தலைப்பு தீட்டியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் படம் என்றால் இன்னும் இரண்டு முறை கேளுங்கள். ஓவியர் சங்கரின் அந்தப் படத்தைப் பார்த்து வரையாத பள்ளிக்கூடப் பையன் உண்டா?

படம் அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் விற்கிறவருக்கு அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாங்கலாமா?

பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். அசலா என்பது ஒரு வழக்கு, யாருடையது என்பது இன்னொரு வழக்கு. இரண்டாவதுதான் கடினம்.

ஓவியர் படத்தைக் கொடுத்தது அச்சிடுவதற்கு. தாளையும் சேர்த்து விற்றாரா? அந்தக் காலத்தில் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே ஆனது. மார்வெலின் பாதி நாயகர்களை உருவாக்கிய ஜாக் கிர்பி தன் பக்கங்களைக் கேட்டு 1980களில் வருடக்கணக்கில் போராடினார். 1987இல் சுமார் 2,000 பக்கங்கள் திரும்பின. அவர் அந்த நிறுவனத்துக்கு வரைந்தது 10,000 பக்கங்களுக்கு மேல். மிச்சத்தில் களவுபோனவையும் உண்டு. அப்படிப் போன பக்கம் கைமாறிக் கைமாறி இன்று ஒரு நல்ல மனிதரின் வரவேற்பறையில் தொங்கலாம். அவர் திருடர் இல்லை. ஆனால் சொந்தக்காரரா?

ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழின் 24 பக்கங்கள், ஸ்டீவ் டிட்கோ வரைந்தவை, 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. ஏலத்துக்குப் போயிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 1984இல் வந்த ஒரு ஸ்பைடர்மேன் பக்கம், கறுப்பு உடை வரும் பக்கம், 2022இல் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒரே ஒரு பக்கம்!

நம் ஊரில் பத்திரிகை அலுவலகம் இடம் மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்ட கட்டில் இருந்து படங்கள் வந்திருக்கின்றன. எடைக்குப் போட்டதை வாங்கியது குற்றமில்லை. ஆனால் போட்டது அலுவலகமா, அலுவலகத்துக்குத் தெரியாமல் வேறு யாருமா என்று விசாரியுங்கள். சொந்தமில்லாதவர் விற்றால் வாங்கினவருக்கும் பொதுவாகச் சொந்தமாகாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்வது இதுதான், சில விதிவிலக்குகள் தவிர.

பெரிய ஏலக்கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

குறையும், போகாது. டின்டின் கதையான 'நீலத் தாமரை'யின் அட்டைக்காக டின்டினை உருவாக்கிய ஓவியர் எர்ஜே 1936இல் தீட்டி, அச்சிட அதிகச் செலவாகும் என்று ஒதுக்கப்பட்ட ஓவியம் ஒன்று 2021இல் பாரிஸில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. எர்ஜே கைதான், அதில் தகராறு இல்லை. வந்த வழியில்தான் தகராறு. பதிப்பாளரின் சின்ன மகனுக்கு எர்ஜே பரிசாகக் கொடுத்தார், பையன் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான் என்பது விற்றவர்கள் தரப்புக் கதை. படத்தில் ஆறாக மடித்த தடம் இருக்கிறது. அந்த மடிப்பு, உறையில் போட்டுத் தபாலில் பதிப்பாளருக்கு அனுப்பியதால் வந்தது, பார்த்துவிட்டுத் திருப்பியிருக்க வேண்டிய படம் என்று சில ஆய்வாளர்கள் வாதாடினார்கள். ஒரே மடிப்பு, இரண்டு கதை. இந்த வழக்கைப் படித்ததிலிருந்து எந்தப் படத்தையும் முதலில் பின்பக்கம் திருப்பி, மடிப்பையும் ஆணித் துளையையும்தான் பார்க்கிறேன்.

ஒரே பக்கத்துக்கு இரண்டு ஒரிஜினல் இருக்க முடியுமா?

முடியும். இப்போது பென்சில் போடுகிறவர் ஒரு நாட்டில், இங்க் போடுகிறவர் இன்னொரு நாட்டில். பென்சில் தாளை ஸ்கேன் பண்ணி அனுப்புவார், அவர் அதை வெளிர்நீலத்தில் பிரிண்ட் எடுத்து மேலே இங்க் போடுவார். பென்சில் தாள் ஒன்று, இங்க் தாள் ஒன்று. இரண்டும் விலைக்கு வரும். எது எது என்று சொல்லி விற்றால் தப்பில்லை. பல பேர் சொல்வதில்லை. முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே வரைந்தால் தாளே கிடையாது, விடுங்கள்.

எங்கள் வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு) ஒரு கட்டுப் படம் இருக்கிறது. விற்கலாமா?

யாருடைய பங்கு? இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்துப் புள்ளி, இருபது புள்ளி (பங்குள்ள குடும்பம்) இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். சாவி வைத்திருப்பவர் ஒருவர். பொது அறையில் கிடந்த பெட்டியை அவர் மட்டும் விற்றால், இரண்டு வருடம் கழித்து மலேசியாவிலிருந்து வருகிற பங்காளி "அது எங்க அப்பச்சி பெட்டி" என்பார். ஒரு கல்யாணத்தில் இந்தப் பேச்சு கைகலப்பு வரைக்கும் போனதை நேரில் பார்த்தேன். விற்ற தொகை நாலாயிரம்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது: மற்ற பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பது. காவல்காரரோ வேலைக்காரரோ கொண்டுவந்து தந்தால் வாங்கவே வேண்டாம்.

ரவிவர்மா படமும் இதில் சேருமா?

சேராது, ஆனால் சண்டை ஒன்றுதான். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது ரவிவர்மா அச்சகத்து லித்தோ, அதாவது கல்லச்சுப் படம். அச்சகம் தொடங்கியது 1894இல். ஜரிகை, ஜிகினா ஒட்டிப் புடவை கட்டிவிட்ட படங்கள் இங்கே நிறைய. அசல் லித்தோவில் லென்ஸ் வைத்தால் கல்லில் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெரியும். ஆஃப்செட் பூவட்டம் தெரிந்தால் அது பழைய தேக்கு ஃபிரேமுக்குள் வைத்த புதுப் படம். ஃபிரேமைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். பழைய ஃபிரேம் இந்தத் தெருவில் தனியாகவே கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்தவரை: நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காமிக்ஸ் படங்கள் பெரும்பாலும் அந்த வயதுக்கு வரவில்லை.

படம் உங்களுடையது என்பதால் அதை அச்சடித்து விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பதிப்புரிமை ஓவியர் இறந்து அறுபது வருடம் வரை ஓடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவின்படி, ஒரிஜினல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், உரிமையின் முதல் சொந்தக்காரராக இருந்த ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ அந்த விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம். சம்பளத்துக்கு வரைந்தவருக்கு இது பொருந்துமா என்பது வேறு விவாதம். நடைமுறையில் யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை. ஓவியர்களின் குடும்பங்கள் பலவற்றின் நிலைமையை நினைத்தால் கொடுப்பதே நியாயம் என்பது என் கட்சி.

"நம்பகச் சான்றிதழ்" தருகிறார்களே?

யார் தருகிறார்? விற்கிறவரே தந்தால் அது விசிட்டிங் கார்டுக்குச் சமம். ஓவியரோ குடும்பமோ தந்தால் மதிப்பு உண்டு, அப்போதும் அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். வயதான காலத்தில் ஓவியரே தன் பழைய படத்தை ரசிகர்களுக்கு மறுபடி வரைந்து கொடுப்பது உண்டு. அதுவும் அவர் கைதான், ஆனால் அச்சுக்குப் போன படம் இல்லை. மறுவரைவுக்கு வேறு விலை.

நான் கேட்பது சான்றிதழ் இல்லை, ரசீது. ஓவியர் பெயர், எந்த இதழ், எந்த வருடம், அச்சுக்கு வரைந்த மூலப் படம் என்ற சொல், யாரிடமிருந்து எப்போது வந்தது, போலி என்று தெரிந்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும். இதை எழுதச் சொன்னால் சிலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். பதினெட்டாயிரம் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

வாங்கின பிறகு போலி என்று தெரிந்தால்?

முதலில் வாயை மூடிக்கொண்டு படமெடுங்கள்: முன், பின், ஓரம், சந்தேகமான இடம். ஃபிரேமை வீசாதீர்கள். அப்புறம் விற்றவரிடம் தனியாகப் பேசுங்கள். பெரும்பாலும் அவரும் ஏமாந்தவராக இருப்பார். ஊரெல்லாம் சொன்னபிறகு போனால் மானப் பிரச்சினை ஆகிவிடும், பணம் வராது. வழிக்கு வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், வக்கீலைப் பாருங்கள். மோசடி வழக்குக்கான காலக்கெடு, மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும் என்பதால் அந்தத் தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆனாலும் அதை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய இதழ்களுக்கு எங்கே போவது?

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சென்னை என்றாலும் நம்ம சரக்குதான். பக்கத்துக் கோட்டையூரில் முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், இதழ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் 1992இல் அவர் காலமானபிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் காப்பாற்றப்பட்டு, சென்னையில் நூலகம் ஆனது. அவரே ஒரு விளம்பரப் பலகை ஓவியர்தான். அங்கே கிடைக்காவிட்டால் பைண்ட் பண்ணின தொடர்கதைகள் இருக்கிற வீடுகள். காபி குடிக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், எந்த ஆச்சியும் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்.

அந்தக் கிணற்றடிப் படம் இப்போது எங்கே?

என் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்). பின்பக்கம் பென்சிலில் "நகல்" என்றும், அச்சான இதழின் விவரமும் எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பின்னால் யாரும் ஒரிஜினல் என்று விற்றுவிடக் கூடாது.

போன வருடம் வீட்டுக்கு எழுத்து வேலைக்கு வந்த ஒருவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ஐயா, இது எங்க அப்பா கை" என்றார். பலகை எழுதுகிற கடை வைத்திருந்தாராம், சுவரில் மாட்டியிருந்தாராம், பலகை எழுதக் கொடுக்க வந்த ஒரு செட்டியார் ஆசைப்பட்டுக் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். எந்த வீட்டுச் செட்டியார் என்று கேட்டேன். கடைக்காரர் பரணிலிருந்து இறக்கியதாகச் சொன்ன அதே வீடு.

விலைக்குத் தருவீர்களா என்றார். என்ன கொடுத்து வாங்கினேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.